படத்தில் இல்லாத சண்டை

முப்பத்தேழாவது அட்டையை மேசைமேல் போட்டபோது, தயாரிப்பாளரின் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பும் போய்விட்டது.

"இந்த ஆளும் அதையேதான் எழுதியிருக்கார்," என்றார். "புருஷன் பொண்டாட்டி சண்டையை இன்னும் அழுத்தமா காட்டியிருக்கலாமாம்."

எதிரே உட்கார்ந்திருந்த படத்தொகுப்பாளர் கத்திரி அட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கம் விளக்கம் ஏதாவது இருக்கும் என்று ஒரு நப்பாசை. ஏதோ ஒரு குழந்தை பேனாவால் வேன் படம் வரைந்திருந்தது, அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், அவர்கள் எடுத்த படத்தில் புருஷன் பொண்டாட்டி சண்டையே கிடையாது.

முந்தின நாள் சாயங்காலம் இருநூற்றுப் பன்னிரண்டு பேரைத் தியேட்டருக்கு அழைத்து, வெளியீட்டுக்கு முன்பாகப் படத்தைப் போட்டுக் காட்டியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு மஞ்சள் அட்டை. எது பிடித்தது, எங்கே கொட்டாவி வந்தது, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மூன்று கேள்வி. முதல் பாகம் போட்ட இடமெல்லாம் கூட்டம் தாங்காமல் ஓடிய படம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பழைய வேன், வழி முழுக்கக் கூத்து. இரண்டாம் பாகத்திலும் அதே குடும்பம், அதே வேன். மூத்த மகளைக் கல்லூரியில் சேர்க்கக் கிளம்புகிறார்கள். மகள் ஒரு ஊரிலும் பெட்டி இன்னொரு ஊரிலுமாகப் போய்ச் சேர்கின்றன. இதில் சண்டைக்கு எங்கே இடம்? கதைப்படி அந்தத் தம்பதி ஒருவரையொருவர் முகம் சுளித்துக்கூடப் பார்ப்பதில்லை.

அட்டைகளோ வேறு கதை சொல்லின. 'அப்பாவுக்கு அம்மா மேல என்ன கோபம்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல.' 'அம்மா பாவம். அந்த மனுஷன் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.' 'எங்க வீட்ல தினம் நடக்கிறதைத் தியேட்டர்லயும் வந்து பார்க்கணுமா?' நடுநடுவே ஆறுதலாகச் சில: 'அப்பா கதவுல இடிச்சுக்கிற இடம், பெட்டி தடுக்கி விழுற இடம் எல்லாம் வயிறு வலிக்கச் சிரிச்சேன்.' ஒருவர் படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் ஏசி அதிகம் என்று மட்டும் எழுதியிருந்தார்.

அட்டை படிக்கிற நாளில் இயக்குநர் ஊரிலேயே இருக்கமாட்டார். மாமியார் வீட்டுக்குப் போய் போனை அணைத்துவிடுவார். ஆகவே தயாரிப்பாளரின் கண் கத்திரி மேல் திரும்பியது.

திங்கட்கிழமை படம் பிரதி எடுக்கப் போக வேண்டும். இல்லாத சண்டை எந்த இடத்திலிருந்து வந்தது என்று சாயங்காலம் நாலு மணிக்குள் கண்டுபிடிக்கச் சொன்னார் அவர். கண்டுபிடித்தால் வெட்டிவிடலாம். முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை, அப்பாவாக நடித்த அவளுடைய அண்ணனை வரவழைத்து ராசியாகிற காட்சி ஒன்றை எடுத்துச் சேர்த்துவிடலாம்.

"சண்டை போடாதவங்களை எப்படி சார் ராசி பண்றது?"

"அது உன் பாடு," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கத்திரி என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. படத்தொகுப்பு வேலைக்கு வந்த புதிதில் அண்ணன் கிண்டலாகக் கூப்பிட்டது. ஸ்டூடியோ முழுக்க ஒட்டிக்கொண்டது. அந்த அண்ணன்தான் படத்தில் அப்பா. முதல் பாகம் வந்த பிறகு தெருவில் இறங்கினால் சின்னக் குழந்தைகூட அவரை 'வேன் அப்பா' என்றுதான் கூப்பிடும். டூப் போடாமல் தானே வண்டி ஓட்டி நடிப்பவர் என்பதில் அவருக்கும் பெருமை, போஸ்டர் ஒட்டுகிறவனுக்கும் பெருமை.

அவளுக்கென்று ஒரு வேலைமுறை உண்டு. முதல் பாகம் ஓடியபோது ஒன்பது காட்சிகள், தியேட்டர் கடைசி வரிசையில் நிறுத்துக்கடிகாரத்தோடு உட்கார்ந்து, ஒவ்வொரு நகைச்சுவைக்கும் ஜனங்கள் எத்தனை விநாடி சிரிக்கிறார்கள் என்று நோட்டில் குறித்தாள். சிரிப்புச் சத்தத்தில் அடுத்த வசனம் அமுங்கிப் போகிறதே என்ற ஆதங்கம். இரண்டாம் பாகத்தை வெட்டும்போது அந்தக் கணக்கை வைத்து முன்கூட்டியே இடம் விட்டாள். இங்கே நாலு விநாடி, அங்கே ஏழு. யாரும் பேசமாட்டார்கள், காட்சி மட்டும் நிற்கும், ஜனங்கள் சிரித்து முடிக்கலாம். 'சிரிப்பு இடம்' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தாள்.

நேற்று அந்த இடங்களில் பாதிக்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. விட்ட இடம் வெறும் மௌனமாக நின்றது. சண்டைக்குப் பின் ஒரு வீட்டில் நிற்கும் மௌனம் மாதிரி என்று இப்போது தோன்றியது. பழி தன் தலையில்தான் விடியப் போகிறது என்று நினைத்தாள்.

எந்தெந்த இடம் என்று குறிக்க, சண்டை பற்றிய அட்டைகளை மறுபடி எண்ணினாள். ஒன்றிரண்டு தவறிப் போயிருக்கலாம் என்று தயாரிப்பாளர் ஒதுக்கிவைத்த குவியலையும் இழுத்தாள். அதற்கு அவர் வைத்த பெயர் கிறுக்குக் குவியல். நடிகையின் போன் நம்பர் கேட்டவர்கள், சொந்தக் கதையை எழுதி அடுத்த படமாக எடுக்கச் சொன்னவர்கள் எல்லாம் அதில் கிடந்தார்கள்.

அடியிலிருந்து இரண்டாவது அட்டை. கோடு போட்ட மாதிரி நேரான கையெழுத்து.

'இவர்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. நான் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவன். வண்டி ஓட்டும் அந்த நடிகருக்கு இடது பக்கம் தெரியவில்லை. தயவுசெய்து கவனிக்கவும்.'

கீழே ஒரு போன் நம்பர்.

கத்திரிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அண்ணனிடம் சொன்னால் ஒரு வாரம் இதை வைத்தே ஓட்டுவார் என்று நினைத்துக்கொண்டாள். அட்டையைக் கீழே வைத்தாள். அரை நிமிஷம் கழித்து மறுபடி கையில் எடுத்தாள்.

தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, படத்தை ஓடவிட்டாள்.

தண்ணீர் பாட்டில் காட்சி. அப்பா வண்டி ஓட்டுகிறார். இடது பக்கத்து சீட்டிலிருந்து அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறாள். முதல் பாகத்தில் இதே போன்ற இடத்தில் அண்ணன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே பாட்டிலை வாங்கி, குடிப்பதாக நினைத்துத் தன் சட்டையில் ஊற்றிக்கொள்வார். ஏழு விநாடி சிரிப்பு. இங்கே பாட்டில் காற்றில் நிற்கிறது. அண்ணன் முகத்தில் புன்னகை அப்படியே இருக்கிறது. கண் அசையவில்லை, புருவம் அசையவில்லை. ஏழு விநாடி கழித்து அம்மா "தண்ணி" என்று சொன்ன பிறகு, கழுத்தை மொத்தமாகத் திருப்பிப் பாட்டிலைத் தேடி எடுத்துக்கொள்கிறார்.

வெட்டும்போது இதைப் பார்த்து, என்ன ஒரு நேரக்கணக்கு மனுஷனுக்கு என்று அவள் வியந்திருந்தாள்.

அடுத்து அவர் இடித்துக்கொள்ளும் இடங்களை வரிசையாக ஓடவிட்டாள். திரைக்கதையில் எழுதியது இரண்டுதான். மிச்சமெல்லாம் படப்பிடிப்பில் அவரே சேர்த்துக்கொண்டது. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். வேன் கதவில் தோள். பெட்டியில் முழங்கால். ஓட்டல் தூணில் நெற்றி. நீட்டிய கையைக் கவனிக்காமல் கடந்து போய், கை நீட்டியவரை அசடு வழிய வைப்பது. மொத்தம் பதினொன்று.

பதினொன்றும் இடது.

ஐந்து மாதம், நாளைக்கு எட்டு மணி நேரம், அந்த ஒரு முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறந்த டேக் எது என்று பொறுக்கியவளும் அவள்தான். நன்றாக இடித்துக்கொண்டதாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தாள்.

அட்டையில் இருந்த நம்பரை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார் பஸ் டிரைவர். வயதான குரல், நிதானமான பேச்சு. அட்டையை யாராவது படிப்பார்கள் என்று தான் நினைக்கவே இல்லை என்றார். வண்டி ஓட்டுகிறவன் கண் அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் இடது பக்கக் கண்ணாடிக்குப் போய்வரும், அது மூச்சு விடுகிற மாதிரி, நடிக்கிறபோதுகூட நிற்காது என்றார். முதல் பாகத்தில் அந்த நடிகருக்கு அது இருந்தது. இதில் இல்லை. பேரப்பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க, அவர் மட்டும் சீட்டு நுனியில் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறார்.

"எங்க டிப்போவுல ஒருத்தன் இப்படித்தான்மா. எப்பப் பாரு இடது பக்கம் உரசிட்டு வருவான். குடிச்சிட்டு ஓட்டுறான்னு சொன்னாங்க. நானும் சொன்னேன். பாவம், குடியும் இல்ல, கண்ணுல கோளாறும் இல்ல. தலைக்குள்ள இருந்துச்சு."

"அவர் நல்லாயிட்டாராய்யா?"

"சீக்கிரம் பார்த்துடுங்கம்மா," என்றார். பிறகு குரல் மாறிற்று. "இப்ப அவர் வண்டி எதுவும் ஓட்டலையே?"

கத்திரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐம்பது.

காலை ஒன்பது மணிக்கே வேன் கிளம்பிவிட்டது. பட விளம்பரத்துக்காக 'நிஜக் குடும்பம், நிஜப் பயணம்' என்று ஓர் ஏற்பாடு. படத்தில் வந்த அதே வேனை அண்ணனே ஓட்டிக்கொண்டு, சொந்த மனைவியையும் பன்னிரண்டு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு, அடுத்த நகரத்துத் தியேட்டருக்குப் போகிறார். வழியில் நாலு இடத்தில் ரசிகர்கள் நிற்பார்கள். ஐந்து மணிக்கு அங்கே நானூறு குடும்பங்கள் காத்திருக்கும்.

பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஸ்டூடியோ வாசலில் நின்ற வாடகைக் காரில் ஏறி, நெடுஞ்சாலைக்கு விடச் சொன்னாள். அண்ணன் போன் அடித்து அடித்து நின்றது. வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டார்; அந்த நல்ல பழக்கத்தை அன்றைக்கு அவள் சபித்தாள்.

வேனுக்குப் பின்னால் இன்னொரு காரில் விளம்பரக்காரன் போய்க்கொண்டிருந்தான். எல்லாரும் அவனை போஸ்டர் என்பார்கள். அவனைக் கூப்பிட்டு, வேனை உடனே நிறுத்தச் சொன்னாள். ஏன் என்று கேட்டான் அவன். அவளால் சொல்ல முடியவில்லை. போஸ்டரின் காதில் போட்டது அரை மணியில் ஊர் முழுக்கத் தெரியும். வேன் அப்பாவுக்குக் கண் தெரியவில்லை என்று சாயங்காலச் செய்தியில் ஓடும்.

"நேரலை போயிட்டு இருக்குக்கா. எழுபதாயிரம் பேர் பார்க்கிறாங்க. நடுரோட்ல நிறுத்துனா சார் என்னை உரிச்சுடுவார்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவள் அந்த நேரலையைத் திறந்தாள். கைபேசிக்குள் வேன் ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து எடுக்கும் காட்சி. பளபளவென்று புதுப் பெயிண்ட், கூரையில் கட்டிய பெட்டிகள். சாலையில் கூட்டம் அதிகமில்லை. பார்க்கப் பார்க்க ஒன்றும் ஆகவில்லை. ஒருவேளை எல்லாமே தன் மனப்பிரமையோ, ஒரு கிழவர் கிறுக்கியதை நம்பி நாம்தான் ஆடுகிறோமோ என்று ஒரு கணம் மூச்சு இறங்கியது.

இடது ஓரமாக ஒரு மோட்டார் சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஒரு குழந்தை. வேன் அதை நெருங்கியது. விலகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கமே சாய்ந்துகொண்டு போயிற்று. மோட்டார் சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார், ஆடினார், மண்ணில் இறங்கிக் காலை ஊன்றினார். வேன் ஒன்றும் நடக்காத மாதிரி அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது.

நேரலைக்குக் கீழே சிரிப்பு முகங்கள் நுரைத்துக்கொண்டு வந்தன. 'வேன் அப்பா வேலையைக் காட்டிட்டார்.' 'படத்துல வர்ற மாதிரியே.' 'ரெண்டாம் பாகம் நிச்சயம் ஹிட்.'

கார் ஓட்டுநர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். வேகமாகப் போகச் சொன்னாள். எவ்வளவு வேகம் என்றார். முடிந்த மட்டும் என்றாள்.

மிச்சம் இருந்தது அண்ணி. அண்ணியின் போன் ஆறு தடவை அடித்தது.

"அண்ணி, ஸ்பீக்கர்ல போடாதீங்க. நான் கேக்கிறதுக்கு ம், இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க அண்ணனுக்குப் பக்கத்து சீட்லதானே இருக்கீங்க?"

"ம்."

"பேசாம உங்க கையை அவர் பக்கம் நீட்டுங்க. கன்னத்துக்குப் பக்கத்துல. எதையாவது கொடுக்கிற மாதிரி. எதுவும் சொல்லாதீங்க."

"இது என்ன விளையாட்டு?"

"நீட்டுங்க அண்ணி."

போனில் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. கத்திரி தன்னையறியாமல் எண்ணினாள். நாலு. ஐந்து. ஏழு. பத்தைத் தாண்டியபோது அண்ணியின் மூச்சு மாறியது.

"இல்லை," என்றாள் அண்ணி.

"தெரியலையா?"

"இல்லை." அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள் போலும், காற்றிரைச்சலோடு சொன்னாள்: "நாலு மாசமா என் பக்கம் திரும்புறதே இல்லம்மா. சாப்பாட்டு மேசையில கையை நீட்டினா வாங்க மாட்டார். நான் வேற என்னென்னமோ நினைச்சுட்டேன். உங்கிட்டகூடச் சொல்லலை. சொன்னா அசிங்கம்னு."

கத்திரிக்கு அந்த முப்பத்தேழு அட்டைகள் ஞாபகம் வந்தன. முப்பத்தெட்டாவதை அண்ணி வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் அண்ணனின் குரல் கேட்டது: "யாரு, கத்திரியா? அட்டையெல்லாம் படிச்சாங்களான்னு கேளு. சிரிச்சாங்களாமா?"

"அண்ணி, வண்டியை நிறுத்தணும். காரணம் சொல்லாதீங்க, பதட்டமாயிடுவார்."

"எனக்குத் தலை சுத்துதுன்னு சொல்றேன்," என்றாள் அண்ணி. அடுத்து அவரிடம், சாதாரணக் குரலில்: "ஏங்க, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."

அப்போதுதான் கத்திரிக்கு உறைத்தது. ஓரம் என்றால் இடது. அவருக்கு இல்லாத பக்கமாக வண்டியை ஒடிக்கச் சொல்லியாகிவிட்டது.

"அண்ணி, நீங்க பாருங்க. அவர் பார்க்க மாட்டார், நீங்க பார்த்துச் சொல்லுங்க."

அண்ணி பார்த்தாள். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள் என்பது தெரிந்தது. குரல் தூரத்திலிருந்து வந்தது. "இருங்க, இப்ப வேண்டாம். சைக்கிள் போகுது. இருங்கன்னா. பின்னாடி ஒரு லாரி. போகட்டும். மெதுவா. ம், இப்ப வாங்க. கொஞ்சம் கொஞ்சமா வாங்க. பெட்ரோல் பங்க் தெரியுதில்ல, அதுக்குள்ள விடுங்க. போதும். போதும்ங்க."

"என்னமோ எனக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தவ மாதிரி பேசுறியே," என்றார் அண்ணன். இன்ஜின் நின்றது.

கத்திரி போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவளை இறக்கிவிட்டதும் வாடகைக் கார் அடுத்த சவாரிக்குப் போய்விட்டது. பெட்ரோல் பங்கின் ஓரத்தில் வேன் நின்றது. அதைச் சுற்றி இருபது பேர், போட்டோ எடுத்தபடி. அண்ணன் ஓட்டுநர் சீட்டிலேயே உட்கார்ந்து கை அசைத்துக்கொண்டிருந்தார். இடது ஜன்னல் வழியாக ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நின்றாள். அவர் பார்க்கவில்லை. அவள் முகம் சுருங்கி, திமிரைப் பார் என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது கத்திரி காதில் விழுந்தது.

போஸ்டரை இழுத்து, அண்ணிக்கு உடம்பு சரியில்லை, கேமராவை அணை என்றாள். கூட்டத்தை நகர்த்திவிட்டு வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். அண்ணி முன் சீட்டில் கைப்பையை மடியில் அணைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மகள் பின்னால், வலது ஜன்னலோரம்.

"வா, நீயே கேளு," என்றார் அண்ணன். "தலை சுத்துதுன்னு நிறுத்தச் சொன்னா. நிறுத்தினா சாவியைப் பிடுங்கிப் பைக்குள்ள போட்டுக்கிட்டா. உங்க அண்ணிக்கு என்ன ஆச்சு?"

கத்திரி சுற்றி வளைக்கவில்லை. அட்டையில் இருந்ததை, பதினொரு இடத்தை, பஸ் டிரைவர் சொன்னதை, ஒன்று விடாமல் சொன்னாள். டிப்போக்காரரின் கதையில் மட்டும் பாதியை விழுங்கிவிட்டாள்.

அவர் கடைசிவரை கேட்டார்.

"மொத்தம் எத்தனை அட்டை?"

"இருநூத்திப் பன்னிரண்டு."

"அதுல ஒருத்தர்தான் கண்டுபிடிச்சாரா? அப்ப நான் மோசமில்ல, நல்லாத்தான் நடிச்சிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை.

பின்னாலிருந்து மகள் சொன்னாள்: "அப்பாவுக்கு அந்தப் பக்கம் நின்னா தெரியாது அத்தை. அதான் நான் எப்பவும் இந்தப் பக்கமே உட்காருவேன்." எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பது போல, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

அண்ணியின் தோள் குலுங்கியது.

அண்ணன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தார். ஷூட்டிங் நாலாவது வாரம், வேன் கதவில் இடித்துக்கொண்டார். கதவு அங்கே இருந்ததே தெரியவில்லை. யூனிட் மொத்தமும் சிரித்தது. இயக்குநர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். மறுநாளும் இடித்தார், மறுபடி சிரிப்பு. ஒரு கண் டாக்டரிடம் போனார். அவர் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார்.

"சரியாயிடும்னு நினைச்சேன்."

"சரியாகலையே, அண்ணா."

"அப்புறம் நினைக்கிறதையே விட்டுட்டேன். எடிட்டிங் ரூம்ல நீயும் விழுந்து விழுந்து சிரிச்சதா சொன்னாங்க. சரி, எங்கேயோ ஒரு இடத்துல இது உபயோகப்படுதேன்னு இருந்துச்சு."

கத்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் கையை நீட்டிவிட்டார், அண்ணி பக்கம். சாவியைக் கேட்டார். நானூறு குடும்பம் காத்திருக்கிறது. வேன் அப்பா ஆட்டோவில் போய் இறங்க முடியாது. இன்னும் எண்பது கிலோமீட்டர்தான். இத்தனை தூரம் வந்தவனுக்கு மீதித் தூரம் வரத் தெரியாதா? தியேட்டருக்குப் போய்விட்டு, திங்கட்கிழமை எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் வருகிறேன். ஒரே மூச்சில் சொன்னார். சொல்லும்போதே கழுத்தை மொத்தமாகத் திருப்பி அண்ணியைத் தேடினார்.

அண்ணி பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "தர மாட்டேன்," என்றாள். "கொன்னாலும் தர மாட்டேன்."

அண்ணன் முகம் சிவந்தது. வேன் பின்கதவின் கீழே ஒரு மாற்றுச் சாவி ஒட்டியிருப்பது எல்லோருக்கும் தெரியும். அவர் கதவைத் திறந்தார்.

அவரோடு வாதாடிப் பயனில்லை என்பது சின்ன வயதிலிருந்தே கத்திரிக்குத் தெரியும். அவரை இதுவரை யாரும் பேசி மாற்றியதில்லை. அவள் கைபேசியை எடுத்தாள். நேரலையின் பதிவு அப்படியே இருந்தது. அந்த ஒன்றரை நிமிஷத்தைத் தேடிப் பிடித்து, போனை அவர் முகத்துக்கு வலது பக்கமாக நீட்டினாள்.

"போறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. ஒரு தடவை."

பார்த்தார். சாலை. வேன். மோட்டார் சைக்கிள். குழந்தை. ஆட்டம். மண்ணில் ஊன்றிய கால்.

"இது எப்ப?"

"ஒரு மணி நேரம் முன்னாடி. நீங்க ஓட்டினப்போ."

மறுபடி போடச் சொன்னார். போட்டாள். இந்த முறை படத்தைப் பார்க்கவில்லை; கீழே ஓடுகிற சிரிப்பு முகங்களைப் பார்த்தார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தன.

"அந்த ஆள் நம்மளைப் பார்த்து ஹாரன் அடிச்சாரா?"

"அடிச்சார்," என்றாள் அண்ணி. "பின்னாடி யாருக்கோன்னு நீங்க சொன்னீங்க."

"பின்னாடி உட்கார்ந்திருந்தது குழந்தையா?"

திறந்த கதவு வழியாக அவர் கீழே இறங்கினார். பின்பக்கம் போவாரோ என்று கத்திரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வேனின் முன்பக்கம் சுற்றினார். வண்டியின் உடம்பில் கையை வைத்துத் தடவியபடி, இருட்டில் நடப்பவர் மாதிரி மெதுவாக, பட்டப்பகலில் சுற்றி வந்து, அண்ணி உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவருகே நின்றார்.

"நகரு," என்றார். "நீ ஓட்டு."

"நான் இவ்வளவு பெரிய வண்டி ஓட்டினதே இல்லையே."

"நானும்தான் பாதி வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேன்."

அண்ணி பையைத் திறந்து சாவியை எடுத்தாள். அது இரண்டு தடவை கீழே விழுந்தது. கத்திரி பின்னால் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த ஒரு மருத்துவமனைக்குப் போன் போட்டாள். தலை ஸ்கேன், நரம்பு டாக்டர், நாலரை மணி. என்ன தொந்தரவு என்று அங்கே ஒரு பெண் கேட்டாள். இடது பக்கம் தெரியவில்லை என்றாள் கத்திரி. எத்தனை நாளாக? ஐந்து மாதத்துக்கு மேல். அந்தப் பெண், மூன்றரைக்கே வந்துவிடுங்கள் என்றாள். அந்த ஒரு மணி நேர வித்தியாசம் கத்திரியின் நெஞ்சில் கல்லாக இறங்கியது.

அடுத்த அழைப்பு தயாரிப்பாளருடையது. சண்டை கிடைத்ததா என்றார்.

"கிடைச்சுது சார். வெட்டுற மாதிரி இல்ல. திங்கட்கிழமை பிரதி போகாது," என்று சொல்லி, அவர் கத்த ஆரம்பிப்பதற்குள் அணைத்துவிட்டாள். அந்தப் பதினொரு இடத்தை வெட்டினால் படத்தில் சிரிப்பே மிஞ்சாது. வெட்டாமல் விட்டால் அவளால் இனி ஒரு தடவைகூட அதைப் பார்க்க முடியாது. அதை நாளைக்கு யோசிக்கலாம். நாளைக்கு என்ன செய்தி இருக்குமோ, அதற்குப் பிறகு.

வேன் குலுங்கியபடி நெடுஞ்சாலையில் ஏறியது, வந்த திசைக்கே. அண்ணி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கழுத்தை நெரிப்பது போலப் பிடித்திருந்தாள். இப்போது அவள் இருந்தது அவருக்கு வலது பக்கம். அண்ணன் சாய்ந்து உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளட்ச்சை முழுக்க மிதி என்றார், கண்ணாடியைப் பார் என்றார். அப்புறம், கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்:

"எப்ப இவ்வளவு இளைச்ச?"

அண்ணி கண்ணைத் துடைக்கக் கையை எடுக்க முடியாமல் சொன்னாள்: "என்னை ரோட்டைப் பார்க்க விடுங்க."

சாலையோரம் ஒரு பெரிய பலகை வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அது இடது பக்கம் இருந்தது. புறப்பட்ட நகரத்துக்குத் தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர் என்று கத்திரி பின்னாலிருந்து வாய்விட்டுப் படித்தாள். பிறகு மணியைப் பார்த்தாள். ஒன்று இருபத்தைந்து.